கொடிமரத்தில் ஏறிய கொடி

பாக்கன் தெருவில் யார் வீட்டில் பியர் காய்ச்சினாலும் அஸ்லாக் வந்து ஒரு வாய் குடித்தால்தான் அது பியர். அவன் வராவிட்டால் மற்ற நாலு வீடும் வந்து குடம் குடமாகக் குடித்துவிட்டுப் போனாலும் சரி, காய்ச்சியது கணக்கில் சேராது. இப்படி ஒரு சட்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை. அஸ்லாக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் அந்தத் தெருவில் அப்படித்தான்.

பெர்கன் நகரத்திலிருந்து வந்த குன்வோருக்கு இது விளங்கவே இரண்டு குளிர்காலம் பிடித்தது. புருஷன் எய்விந்த் இதே தெருவில் பிறந்தவன். அவனுடைய அப்பா அம்மா வீடு காலியானதும் இருவரும் இங்கே குடிவந்தார்கள். அவள் பள்ளத்தாக்கு பஸ் ஓட்டினாள். ஏறுகிறவர்களிடமெல்லாம் வாயாடுவாள். பெர்கன்காரர்களுக்கு வாய் மூடாது என்று இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதைப் பொய்யாக்க வேண்டும் என்று குன்வோர் ஒரு நாளும் பாடுபட்டதில்லை.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லா வீட்டிலும் காய்ச்சுகிறார்களே என்று அவளும் ஆசைப்பட்டுக் காய்ச்சினாள். கடையில் முளைகட்டி அரைத்த பார்லி பையாகக் கிடைக்கிறது, கசப்புக்குச் சேர்க்கும் உலர்ந்த ஹாப் பூ பொட்டலமாகக் கிடைக்கிறது. வாங்கிவந்து நிலவறையில் பெரிய பாத்திரம் வைத்துச் செய்து முடித்தாள். பியர் தயாரான அன்று யாரும் யாரையும் அழைப்பதில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு தெருவே வந்துவிடும், நிலவறையில் கூடி உட்காரும், மரக்கிண்ணம் கை மாறும். அவள் வீட்டுக்கும் வந்தார்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் குடித்தார்கள், நன்றி என்றார்கள், போய்விட்டார்கள். அஸ்லாக் மட்டும் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரன், வேலிக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறான், வரவில்லை.

மறுநாள் காலையில் வேலியோரம் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“நேத்து உன்னைக் காணலையே அஸ்லாக்?”

“வரல.”

“ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“உடம்புக்கு என்ன? கல்லு மாதிரி இருக்கு.”

“அப்புறம் என்னய்யா?”

அஸ்லாக் மூக்கைச் சொறிந்துகொண்டான். பேசுவதற்கு முன் மூக்கைச் சொறிவது அவன் வழக்கம். பேச வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் சொறிவான். “கடையில பை வாங்கி, வெந்நீர்ல கொட்டி, கலக்கி வெச்சதுக்கு ஊரைக் கூட்டணுமா? காப்பி போட்டிருக்கேன்னு சொல்லியிருந்தா வந்திருப்பேன்.”

குன்வோருக்குச் சுருக்கென்றது. “யோவ், உன்னது மட்டும் வானத்துலேர்ந்து கொட்டுதாக்கும்?”

“என் பார்லி மேட்டு வயல்ல விளையுது. ஹாப்பு மாட்டுக்கொட்டாய்ச் சுவத்துல. ஜூனிபர் தழை வேலியோரம். கடைக்காரன் முகத்தை நான் பாக்கறதே இல்ல.”

“எனக்கு எங்கய்யா வயல் இருக்கு? இத்தனூண்டு கொல்லை. ரெண்டு போர்வை காயப்போட்டா நிறைஞ்சு போயிடுது.”

“கொல்லை இருக்குல்ல?”

“இருந்தா?”

“அதுல விளையறத வெச்சுக் காய்ச்சு. ஒரு கஞ்சிப்பானை அளவு வந்தாலும் போதும். நான் வந்து குடிக்கறேன்.”

“வருவியா?”

“அதான் சொல்லிட்டேனே.”

சொல்லிவிட்டான் என்றால் சொல்லிவிட்டான்தான். இந்தப் பள்ளத்தாக்கு ஆட்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுவதற்குள் பனி உருகிவிடும், ஆனால் விழுந்த வார்த்தையைத் திரும்ப எடுக்க மாட்டார்கள். குன்வோர் உள்ளே போய்ப் புருஷனிடம், “புல்தரைய கொத்தணும்” என்றாள்.

எய்விந்துக்கு அந்தப் புல்தரையென்றால் உயிர். சனிக்கிழமைதோறும் இயந்திரத்தை உருட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வருவான். “எதுக்கு?” என்றான். அவள் சொன்னாள். அவன் கொஞ்ச நேரம் சன்னல் வழியாகப் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மண்வெட்டியைத் தேடப் போனான். நல்லவன், என்ன சொல்ல.

வசந்தத்தில் பார்லி விதைத்தார்கள். பாத்தி இரண்டு கட்டில் அகலம், நாலு கட்டில் நீளம் இருக்கும். முதல் வருடம் பாதியைக் குருவி தின்றது, மீதியில் அஸ்லாக் வீட்டுப் பூனை புரண்டது. கிடைத்ததை விதைக்கு வைத்தாள். இரண்டாம் வருடம் வலை கட்டினாள், விளைந்தது. முளைகட்டிப் பழக வேண்டுமே என்று ஒரு பங்கை எடுத்து நனைத்து, குளியலறையின் சூடான தரையில் பரப்பினாள். வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான். எய்விந்த் ஒரு வாரம் எதிர்வீட்டுத் தோர்மூத் வீட்டில் போய்க் குளித்துவிட்டு வந்தான். “உன் வீட்டுல தண்ணி வரலையா?” என்று தோர்மூத் கேட்டதற்கு, “வருது. பார்லி குளிக்குது” என்று சொல்லியிருக்கிறான். தெரு முழுக்க ஒரு மாதம் இதே சிரிப்புதான்.

வாசனைக்குப் போடும் ஜூனிபர் தழைக்குக் கவலையில்லை. வாசல் ஓரத்தில் ஒரு புதர் யாரும் வைக்காமலே நின்றிருந்தது. ஈஸ்டை அஸ்லாக்கே கணக்கிலிருந்து விட்டுவிட்டான். அது எப்போதும் வீடு விட்டு வீடு போவது, அதற்குச் சொந்தக்காரன் கிடையாது என்றான். சிக்கல் ஹாப்பில்தான்.

பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தில் பாதிரியார் வீடு இருக்கிறது. அதன் பின்சுவரில் யாரும் கவனிக்காத ஒரு ஹாப் கொடி படர்ந்து கிடந்தது. பஸ்ஸை நிறுத்திவிட்டுப் போய்க் கேட்டாள், அவர் வேர்த்துண்டு ஒன்றைத் தோண்டிக் கொடுத்தார். ஈரத்துணியில் சுற்றி ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவந்தாள். கொண்டுவந்துவிட்டாள், எங்கே நடுவது? ஹாப் உயரமாக ஏறும் சாதி. நாலு ஆள் உயரம் இருந்தால்தான் உருப்படியாகப் பூக்கும். வீட்டுச் சுவருக்கு எய்விந்த் அந்தக் கோடையில்தான் சிவப்பு வர்ணம் அடித்திருந்தான்.

“சுவத்துல ஏத்தினே, நானும் பின்னாடியே ஏறிக் குதிச்சுடுவேன்” என்றான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் போட்ட ஒரே கண்டிப்பு அதுதான்.

குன்வோர் கொல்லையை ஒரு சுற்று பார்த்தாள். நடுவில், நல்ல வெயிலில், நெடுநெடுவென்று ஒரு கொடிமரம். எய்விந்தின் அப்பா ஊன்றியது. கல்லோடு கல்லாக இறுகிப்போன பழைய மரம், உச்சியில் தங்க வர்ணக் குமிழ். இதைவிட என்ன வேண்டும்?

“கொடிமரமா!” என்றான் எய்விந்த். “கொடி எங்க ஏத்தறது?”

“வருஷத்துக்கு ஒரு தடவை, மே பதினேழு. குளிர்ல கருகி வசந்தத்துல புதுசா முளைக்கற செடி, மே மாசம் முழங்கால் உயரம்தான் இருக்கும். தாராளமா ஏத்திக்கலாம்.”

“ஜூலையில என் பொறந்தநாளு?”

“உனக்கென்ன அஞ்சு வயசா, கொடி பாத்து கேக்கு திங்க?”

அவளுக்கு அதற்குமேல் யோசனை ஓடவில்லை. பிறந்தநாளும் தேசிய நாளான மே பதினேழும் தவிர வேறு எதற்குக் கொடி ஏற்றுவார்கள் என்பது இருவருக்கும் அன்று நினைவுக்கு வரவில்லை. குழி வெட்டி, எரு போட்டு, கம்பத்தின் அடியில் வேரைப் புதைத்தாள்.

முதல் வருடம் நூல் மாதிரி இரண்டு கொடி வந்தது. அஸ்லாக் வேலிமேல் சாய்ந்து பார்த்தான்.

“இது ஹாப்பா, அவரைக்காயா?”

“கண்ணு தெரியலைன்னா கண்ணாடி போட்டுக்கோ.”

“ஆண் செடியா இருக்கும். ஆண் செடியில பூக்காய் வராது, தெரியும்ல? சும்மா பொடி தூவிக்கிட்டு நிக்கும்.”

“பழக்கம்தான். எங்க வீட்டுக்குள்ளயும் ஒண்ணு அப்படித்தான் நிக்குது.”

சன்னல் திறந்திருந்தது. “காதுல விழுது” என்றான் உள்ளேயிருந்து எய்விந்த். அஸ்லாக் சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்ததை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஆண் செடியாக இருந்துவிடுமோ என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வருடக் கோடைக் கடைசியில் இலைக்கு நடுவே பச்சையாக, செதில் செதிலாக நாலைந்து பூ தொங்கியதைப் பார்த்ததும் ஒன்றைப் பறித்துக்கொண்டு வேலிக்கு ஓடினாள். “பொண்ணுய்யா, பொண்ணு!” அஸ்லாக் அதை வாங்கி விரலில் நசுக்கினான், முகர்ந்தான்.

“ம்” என்றான்.

அந்த ஒரு ‘ம்’மை வைத்துக்கொண்டு குன்வோர் ஒரு வாரம் பஸ் ஓட்டினாள்.

மூன்றாவது வருடம் கொடி பிய்த்துக்கொண்டு கிளம்பியது. ஜூன் கடைசியில் பாதிக் கம்பம், ஜூலையில் உச்சி. உச்சிக்குப் போய்த் தங்கக் குமிழைச் சுற்றிக்கொண்டு, இன்னும் ஏற இடம் தேடிக் காற்றில் தலையாட்டியது. கயிறு எங்கே, கம்பம் எங்கே என்று தெரியாமல் ஒரே பச்சைத் தூண். பஸ்ஸில் போகிறவர்கள் கை நீட்டிக் காட்டினார்கள். எய்விந்த் தன் பிறந்தநாளன்று கொடிமரத்தடியில் நின்று, “இந்த வருஷம் எனக்கு இலை பறக்குது” என்று சொல்லிக் கேக் தின்றான்.

ஆகஸ்ட் கடைசியில் பார்லி முற்றிவிட்டது. அறுத்துக் கட்டி, விறகுக் கொட்டகையில் தொங்கவிட்டாள். இனி ஹாப் ஒன்றுதான் பாக்கி. தினமும் வேலை முடிந்து வந்ததும் ஏணி போட்டு ஒரு பூவைப் பறித்துப் பிளந்து பார்ப்பாள். முற்றினால் செதிலின் அடியில் மஞ்சள் தூள் திரண்டிருக்கும், காகிதம் மாதிரி சரசரக்கும், வாசனை மூக்கைத் தூக்கும். இப்போதைக்கு ஈரப் புல் வாசனைதான். இன்னும் ஒன்றிரண்டு வாரம் வெயில் அடித்தால் போதும்.

ஏணியில் நின்றபடியே அடுத்த கொல்லைக்குக் குரல் கொடுத்தாள். “யோவ் அஸ்லாக்! கிறிஸ்துமஸுக்கு முன்னாடி வாயை நல்லாக் கழுவி வெச்சுக்கோ!”

“கழுவியாச்சு” என்றான் அவன், விறகு பிளந்துகொண்டே. “நீதான் இன்னும் ஏணியிலயே நிக்கற.”

அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் பஸ்ஸில் இருக்கும்போது எய்விந்த் போன் செய்தான். அஸ்லாக் காலையில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தானாம். அடுக்கின்மேல் அப்படியே சாய்ந்தானாம். மனைவி போர்க்னி காப்பி எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தபோது உயிர் இல்லை.

குன்வோர் பஸ்ஸை ஓரம் கட்டினாள். பின்னால் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். “ஒண்ணுமில்ல, ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு இறங்கி, சாலையோரத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு ஏறி ஓட்டினாள். பஸ் என்றால் போய்த்தானே ஆக வேண்டும்.

சாயங்காலம் தெருவுக்குள் நுழைந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. அஸ்லாக் வீட்டுக் கொடி பாதிக் கம்பத்தில். எதிரே தோர்மூத் வீட்டிலும் பாதிக் கம்பத்தில். அதற்கடுத்த மூன்று வீட்டிலும் அப்படியே. தெருவில் ஒருவன் போய்விட்டால் எல்லா வீட்டிலும் கொடி பாதிக்கு இறங்க வேண்டும். இது குழந்தைக்குக்கூடத் தெரியும், பெர்கனிலும் இதே வழக்கம்தான். அவள் வீட்டுக் கொல்லையில் மட்டும் பச்சைத் தூண் காற்றில் குலுங்கிக்கொண்டு நின்றது.

எய்விந்த் கம்பத்தடியில் நின்றிருந்தான். கையில் மடக்குக் கத்தி. இன்னும் விரிக்கவில்லை.

“கயித்த மட்டும் பிரிச்சு எடுக்க முடியாதா?” என்றாள்.

“பாத்தேன். கயித்தையும் சேத்துத்தான் சுத்தியிருக்கு.” ஒரு தண்டைக் காட்டினான். பிரிக்கப் போனதில் முறிந்து தொங்கியது. அதிலிருந்த பூவெல்லாம் அதற்குள் வாடத் தொடங்கியிருந்தது.

“பாதி உயரம் வரைக்கும் சுத்தம் பண்ணினா? பாதிக் கம்பம்தானே வேணும்?”

“பாதிக்கு நேராப் போகாது குன்வோர். உச்சியத் தொட்டுட்டுத்தான் பாதிக்கு இறங்கணும். அதுதான் முறை.”

அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டாள். கத்தியைப் பார்த்தாள், மேலே பார்த்தாள். ஆயிரக்கணக்கான பூ, எல்லாம் பச்சை. மூன்று வருடம் எரு சுமந்து, பூச்சி பொறுக்கி, ஏணி ஏறி இறங்கி வளர்த்தது. இப்போது அறுத்தால் அத்தனையும் புல்.

“வேணாம்” என்றாள். “அடக்கத்தன்னிக்கு ஏத்திக்கலாம். அதுக்குள்ள முத்திடும்.”

அடக்கம் அடுத்த வார வெள்ளிக்கிழமை, இன்னும் பத்து நாள் இருந்தது. எய்விந்த் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டான். சூரியன் சாயும் நேரம் ஐந்து வீட்டிலும் கொடியை முழுக்க இறக்கி மடித்தார்கள், இனி அடக்கத்தன்றுதான் ஏறும்.

தெருவில் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை, நாலு பதில் சொல்லிவிட்டு ஆறுதலாக இருந்திருப்பாள். கடையில் ரொட்டி எடுக்கும்போது தோர்மூத் பக்கத்தில் வந்து நின்றான். தராசில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டே, “உங்க வீட்டுக் கொடி நல்லா ஏறியிருக்கு போல” என்றான்.

எந்தக் கொடி என்று அவள் கேட்கவில்லை. “ஆமா” என்றாள். வீட்டுக்கு வந்து ரொட்டியை மேசைமேல் விட்டெறிந்தாள். “அவன் யாரு என்னைக் கேக்கறதுக்கு?” என்று எய்விந்திடம் கத்தினாள். அவன் கேட்கவே இல்லையே என்று எய்விந்த் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெயில் அடித்தால் முற்றிவிடும் என்று நம்பியிருந்தாளே, மழை பிடித்துக்கொண்டது. பெர்கன் மழை மாதிரி விடாத மழை. தினமும் ஏணி ஏறினாள். பூவைப் பிளந்தாள். செதில் ஈரமாக, மெத்தென்று, பச்சையாகவே இருந்தது. மஞ்சள் தூள் கொஞ்சம் கண்ணில் பட்டது, அவ்வளவுதான். “முத்தித் தொலையேன்!” என்று கொடியையே திட்டினாள். ஏணியில் நின்று கொடியோடு சண்டை போடுகிற பெண்பிள்ளையைத் தெரு இதற்கு முன் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை போர்க்னியைப் பார்க்கப் போனாள். அதற்கு முன்னாலும் போய் அணைத்துக்கொண்டு வந்திருந்தாள், ஆனால் அன்றைக்கு வீட்டில் உறவுக்கூட்டம். இன்று போர்க்னி தனியாக நிலவறையில் இருந்தாள். அஸ்லாக் கோடையில் காய்ச்சி வைத்த பியரைக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள், நாளைக்குச் சடங்கு முடிந்து வருகிறவர்களுக்குக் கொடுக்க. குன்வோர் குடத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு குடம் நிரம்பிய பிறகு பேச்சைத் தொடங்கினாள்.

“போர்க்னி, அன்னிக்கு எங்க வீட்டுல கொடி...”

“பாத்தேன்.”

“நாளைக்கு அறுத்துடறேன். அறுத்துட்டு ஏத்திடறேன்.”

“முத்திடுச்சா?”

“இல்ல.”

“அப்ப அறுக்காதே.” போர்க்னி நிமிர்ந்து முதுகைப் பிடித்துக்கொண்டாள். “செத்தவனுக்குக் கொடி தெரியவா போகுது? எத்தனை வருஷமா வளக்கற. விடு. நான் சொல்றேன்ல, ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

குன்வோருக்கு உடம்பே லேசாகிவிட்டது. பொண்டாட்டியே சொல்லிவிட்டாள், அப்புறம் யாருக்கு என்ன? வீட்டுக்கு வந்து எய்விந்திடம், “போர்க்னி வேணாம்னுட்டா” என்றாள். “அப்படியா” என்றான் அவன். மடித்த கொடியை அலமாரியிலிருந்து எடுத்து ஏற்கனவே மேசைமேல் வைத்திருந்தான். அதைத் திரும்ப உள்ளே வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டிருந்தது. குன்வோர் கறுப்புக் கவுன் போட்டுக்கொண்டு, காப்பிக் கோப்பையோடு சமையலறைச் சன்னலில் நின்றாள். தெருமுனையிலிருந்து கயிறு கிறீச்சிடும் சத்தம் கேட்டது. ஒரு கொடி உச்சிக்குப் போய்த் தொட்டுவிட்டுப் பாதிக்கு இறங்கியது. அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. தோர்மூத் வீடு. பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

அப்புறம் பக்கத்துக் கொல்லையில் கேட்டது. போர்க்னி தானே ஏற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் உள்ளே உடுத்திக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. கறுப்புக் கோட்டோடு தனியாக நின்று, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தாள். நடுவில் கயிறு சிக்கிக்கொண்டது. உதறினாள், திரும்ப இழுத்தாள். உச்சி தொட்டதும் ஒரு கணம் நிறுத்திப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பாதிக்கு இறக்கிக் கட்டினாள். கட்டிய பிறகும் கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குன்வோருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனுஷி வேண்டாம் என்று சொன்னாளாம், இவள் சரி என்று கேட்டுக்கொண்டு வந்தாளாம். புருஷனைப் பறிகொடுத்தவளிடமா போய் அனுமதி வாங்குவது? அவள் வேறென்ன சொல்வாள்? தெருவில் ஒருவன் செத்துக் கிடக்கிறான், தன் வீட்டு மரம் மட்டும் பச்சைப்பசேலென்று இளித்துக்கொண்டு நிற்கிறது. இந்தத் தெருக்காரி ஆக வேண்டும் என்றுதானே இத்தனை பாடும் பட்டாள்?

கோப்பையை வைத்துவிட்டு விறகுக் கொட்டகைக்குப் போனாள். பார்லி அறுத்த அரிவாள் ஆணியில் தொங்கியது.

“எய்விந்த்! ஏணி!”

அவன் கோட்டுப் பித்தான்கூடப் போடாமல் ஓடிவந்தான். அதற்குள் அவள் அடித்தண்டுகளை அறுத்துவிட்டிருந்தாள். அவன் ஏணியில் ஏறி அங்கங்கே வெட்டிவிட, இவள் கீழேயிருந்து பிடித்து இழுத்தாள். ஹாப் தண்டில் கண்ணுக்குத் தெரியாத முள் உண்டு. கையெல்லாம் கீறி ரத்தம் துளிர்த்தது. பச்சை மூட்டை மூட்டையாகச் சரிந்து அவள் தலைமேலும் தோள்மேலும் விழுந்தது. உச்சிக் குமிழில் சுற்றியது மட்டும் வரமாட்டேன் என்றது. இருவரும் சேர்ந்து தொங்கி இழுத்தார்கள். கயிறு ஒரு முறை முனகிவிட்டு ஓடத் தொடங்கியது.

“கொடியக் குடு” என்றாள்.

எய்விந்த் கட்டிக் கொடுத்தான். அவளே ஏற்றினாள். உச்சி தொட்டுவிட்டுப் பாதிக்கு இறங்கி நின்றது. தேவாலய மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

தலையில் இலையோடுதான் போய் உட்கார்ந்தாள். பாட்டுப் புத்தகத்தைப் பிரித்தால் தாளெல்லாம் விரலில் ஒட்டியது. ஹாப் பிசின். பாதிரியார் அஸ்லாக்கைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசினார், அவன் அதிகம் பேசாதவன் என்பதையே இரண்டு விதமாகச் சொன்னார். குன்வோர் கையை மூக்கருகே கொண்டுபோனாள். புல் வாசனை. அதற்கு அடியில் கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், அசல் வாசனை. வரத் தொடங்கியிருந்த வாசனை. அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. கோபம்தான் வந்தது.

பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். பிறகு ஊர்ப் பொதுக்கூடத்தில் காப்பி, ரொட்டி, கேக், அஸ்லாக் காய்ச்சிய பியர். குன்வோரும் ஒரு கிண்ணம் குடித்தாள். நன்றாகத்தான் இருந்தது. பாவி, நன்றாகத்தான் காய்ச்சியிருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் எய்விந்த் முறைப்படி கொடியைப் பாதியிலிருந்து உச்சிக்கு ஏற்றினான். அடக்கம் முடிந்தால் அப்படித்தான். கீழே புல்தரை இருந்த இடத்தில் வெட்டிய கொடி மலையாகக் குவிந்து கிடந்தது. குன்வோர் கொல்லைப்பக்கப் படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு எருக்குழிக்குத் தள்ள வேண்டும்.

வேலிக் கதவு திறந்தது. தோர்மூத், கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக. யாரையும் கேட்கவில்லை. நேராகக் குவியலுக்குப் போய் ஒரு தண்டை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, விறகுக் கட்டைமேல் உட்கார்ந்து பூப் பறிக்க ஆரம்பித்தான். பின்னாலேயே அவன் மனைவி. அப்புறம் மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக. எல்லாரும் அடக்கத்துக்குப் போன உடையிலேயே இருந்தார்கள். ஆளுக்கொரு தண்டு எடுத்துக்கொண்டு கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள்.

“பச்சைதான்” என்றான் தோர்மூத், ஒரு பூவை நசுக்கிப் பார்த்து.

“ரெண்டு பங்கு சேத்துப் போட்டா தேறும்” என்றாள் அவன் மனைவி.

“குளியலறையில காயப் போடலாம்” என்றார் இன்னொருவர். “எய்விந்த் எங்க வீட்டுல குளிச்சுக்கட்டும்.”

யாரோ கொஞ்சம் சிரித்தார்கள். போர்க்னி கடைசியாக வந்தாள், கறுப்புக் கவுன்மேல் சமையல் துணி கட்டிக்கொண்டு, கையில் துணி துவைக்கிற பெரிய தொட்டி. அதை நடுவில் வைத்துவிட்டுக் குன்வோருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். ஒரு தண்டை எடுத்தாள். வேண்டாம் என்று சொன்னேனே என்றெல்லாம் கேட்கவில்லை. பூக்கள் தொட்டியில் விழ ஆரம்பித்தன.

அத்தனை பேர், யாரும் அழைக்காமல், அவள் கொல்லைக்குள். அதைப் பார்த்ததும் குன்வோருக்கு உள்ளே எதுவோ பிய்த்துக்கொண்டது.

“இந்த மனுஷனுக்கு என்ன அவசரம்?” என்று கத்தினாள். குரல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். “வந்து குடிக்கறேன்னானே! வாயைக் கழுவியாச்சுன்னானே! மூணு வருஷம் பொறுத்தவனுக்கு இன்னும் ரெண்டு வாரம் பொறுக்க முடியலையா? அப்படி எங்கய்யா ஓடறே? நான் யாருக்குய்யா காய்ச்சுவேன் இதை?” அழுகை இப்போது வந்தது, மூக்கும் கண்ணுமாக வந்தது, அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

எல்லார் கையும் நின்றுவிட்டது. அந்தத் தெருவில் யாரும் இப்படிக் கத்தியதில்லை. எய்விந்த் எழுந்து வரப்போனான்.

போர்க்னி மட்டும் பூப் பறிப்பதை நிறுத்தவில்லை. “நானும் அன்னிக்குக் காலையிலேர்ந்து அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றாள். “பதில் சொல்ல மாட்டேங்கறான். எப்பவும் அப்படித்தான், உனக்குத் தெரியாதா?”

தொட்டியைக் காலால் கொஞ்சம் குன்வோர் பக்கம் தள்ளினாள்.

“பறி. இருட்டறதுக்குள்ள முடிக்கணும்.”